சம்பந்தி வீட்டு வழியாக ஒரு ரேஸ்

ஐம்பது வயதைத் தாண்டிய ஆள் அரை நிஜாரை மாட்டிக்கொண்டு சைக்கிள் ரேஸுக்குக் கிளம்பினால் ஊர் வாயை மூடிக்கொண்டா இருக்கும்? திருவேற்காட்டுத் தசரதனை ஊர் கிழித்துத் தோரணம் கட்டியது. அவர் அசரவில்லை.

மல்லிகை பயிரிட்ட குடும்பம். நாற்பது வயது வரைக்கும் பூக்கூடையைத் தலையில் சுமந்தவர், பிறகு ஒரு பழைய சைக்கிளை வாங்கி, விழுந்து எழுந்து, முட்டி பெயர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பட்டணத்துப் பூக்கடைக்குப் போய்த் திரும்புவதுதான் பிழைப்பு. பூந்தமல்லி வாலிபர்கள் வருஷா வருஷம் ரேஸ் நடத்த ஆரம்பித்ததும் இவரும் விளையாட்டாகப் போய் நின்றார். கூடை இல்லாத சைக்கிள் அப்படிப் பறக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அதோடு பித்துப் பிடித்துவிட்டது.

ஜெர்மன்காரன் சண்டைக்கு வருவானா மாட்டானா என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருஷம்தான் வில்லங்கம் வந்தது. மகள் தாட்சாயிணிக்குக் கரையான்சாவடியில் மாப்பிள்ளை அமைந்து, வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாகப் பேச்சு. ரேஸ் அதற்கு முந்தின ஞாயிறு. ஐயப்பன்தாங்கலில் கிளம்பித் திருமழிசை போய்த் திரும்ப வேண்டும். நடுவில் மாப்பிள்ளை வீட்டு வாசலை இரண்டு தரம் கடக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா பூங்காவனம் லேசுப்பட்டவள் இல்லை. பெண்ணின் மாமன் தன் முன்னால் கால்மேல் கால் போட்டான் என்பதற்காக ஒரு சம்பந்தத்தையே உதறியவள். நிஜார் போட்ட சம்பந்தியை அவள் விட்டுவைப்பாளா? அதைவிடப் பெரிய குற்றம், சம்பந்தி வீட்டு வழியாகப் போகிறவன் உள்ளே நுழைந்து ஒரு வாய் தண்ணீராவது குடிக்காமல் போவது.

"பொண்ணு வாழ்க்கைல மண்ணப் போட்றாதய்யா" என்றாள் மனைவி அன்னம்மாள்.

"மூஞ்சி தெரியாம போய்ட்டு வந்துர்றேன்."

இந்த மனுஷனை என்ன சொல்வது? மகள் என்றால் உயிர். ஆனால் ஆசை விட்டால்தானே.

முண்டாசுத் துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டு கிளம்பினார். கரையான்சாவடி வந்ததும் தலையைக் கவிழ்த்து மிதித்தார். அப்போது ஒரு சொம்புத் தண்ணீர் சளாரென்று முதுகில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், வாசலில் பூங்காவனம், கையில் காலிச் சொம்பு. முகத்தை மூடியவர், பூக்கூடை கட்டும் பலகையை சைக்கிளிலிருந்து கழற்ற மறந்திருந்தார். அந்தப் பலகையோடு ரேஸில் வேறு யார் வருவார்கள்?

நாயை விரட்டுகிற மாதிரி தண்ணீரை வீசிவிட்டாள், சம்பந்தம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே மிதித்தார். திருமழிசையில் திரும்பும்போது அவர் நாலாவது ஆள். அத்தனை முன்னால் அவர் வந்ததே கிடையாது. ஆனால் மகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. பாழாய்ப்போன ரேஸ், யாருக்கு வேண்டும்?

கரையான்சாவடியில் பிரேக்கைப் பிடித்து இறங்கினார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். முண்டாசை அவிழ்த்து இடுப்பில் சுற்றி நிஜாரை மறைத்துக்கொண்டு வாசலில் போய்க் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கணும் சம்பந்தி. நிக்காம பூட்டேன்."

பூங்காவனம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதுக்கா எறங்கினீங்க?"

"நீங்க கோவத்துல தண்ணிய வீசினீங்களே..."

"வெயில்ல வர்றவருக்கு சில்லுனு இருக்கட்டும்னு ஊத்தினேன். கோவமாமே, கோவம். நாலாவதா வரீங்கன்னு பசங்க சொல்லி, தெருவே வந்து நிக்குது. எங்க சம்பந்திதான்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிக்கீறேன். நீங்க இன்னாடான்னா எறங்கிக் கும்புடு போட்டுகினு கீறீங்க." உள்ளே திரும்பி, "டேய் சம்பத், வந்து தள்ளுடா" என்று குரல் கொடுத்தாள்.

மாப்பிள்ளைப் பையன் ஓடிவந்து சீட்டைப் பிடித்தான். "ஏறுங்க மாமா" என்று தள்ளிக்கொண்டே கூட ஓடினான். தெரு முழுக்கச் சிரித்தது. இடுப்புத் துணி எங்கே விழுந்ததோ, தசரதன் கவனிக்கவில்லை.

"வெள்ளிக்கெழம தட்டோட வருவேன். எத்தினியாவதுன்னு கேப்பேன்" என்று பின்னால் பூங்காவனம் கத்தினாள்.

தசரதன் காதில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் விழுந்தது. அந்த ஐம்பது வயதுக்காரர் கூச்சமில்லாமல் அழுதுகொண்டே மிதித்தார்.