இரண்டு வேலைக்கும் ஆகிற ட்ரோன்

சியாயி நகரத்துப் பக்கத்து வயல்களுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் செய்து கொடுப்பவள் பெய்ஷான். கணவன் யுங்கான் வருஷக்கணக்கில் மருந்து டப்பாவை முதுகில் சுமந்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். இன்னொருத்தர் இப்படி இருமக்கூடாது என்றுதான் பட்டறையே வைத்தாள்.

பட்டறை நொடித்துப்போகிற சமயத்தில், கடலுக்கு அப்பாலிருக்கும் சீனா படையெடுக்குமென்று அஞ்சிய அரசு, நிபந்தனையோடு கைகொடுத்தது. அவள் செய்யும் ட்ரோன் வயலுக்கும் ஆகவேண்டும், போர் வந்தால் படைக்கும் ஆகவேண்டும். பட்டறைக்குள் சீன உதிரிபாகம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. சரியென்றாள்.

சோதனையன்று மருந்து டேங்கைக் கழற்றிவிட்டு, குண்டு எடைக்கு ஒரு சிமெண்ட் உருளையை மாட்டினார்கள். அது தரையில் போட்டிருந்த வட்டத்துக்குள் கச்சிதமாக விழுந்தது. அதிகாரிகள் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். அன்றிலிருந்து உடம்பில் ஓர் அசதி, தூங்கினாலும் தீரவில்லை.

மறுமாதம் விவசாயி லாய் தன் பழைய ட்ரோனை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். மோட்டார் புகைந்திருந்தது.

"இது சீன மோட்டார், அண்ணே. உள்ள கொண்டுவந்தாலே எனக்கு வினை."

"நீதானேம்மா வித்தே?"

"நான்தான் வித்தேன்."

"புதுசு ஒண்ணு குடு."

"முதல்ல படைக்கு. அடுத்த வருஷம்தான் உங்களுக்கு."

"என் வயலுக்குப் புகையான் பூச்சியும் சீனாவுலேர்ந்து கடல் தாண்டித்தான் வருது. அதுகிட்டயும் உன் சட்டத்தைச் சொல்லேன், திரும்பிப் போகட்டும்!"

வேலையாட்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சில நாள் கழித்து, எழுபது வயது லாய் டப்பாவை முதுகில் கட்டி, மூக்கில் ஈரத்துண்டோடு வயலில் நடப்பதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்.

"படைக்கும் வேணுந்தானே? சீனாக்காரன் வந்துட்டா வயல் ஏது, மருந்து ஏது?" என்றான் யுங்கான், இருமலுக்கு நடுவே.

"தெரியுங்க. அதனாலதான் யாரையும் திட்டக்கூட முடியல."

"சீன பாகம் பட்டறைக்குள்ளதானே கூடாதுங்கறாங்க?" என்றான் அவன்.

மறுநாள் அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெளிய செய்யறதைப் பத்தி நிபந்தனையில எதுவும் இல்லம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லாயின் வரப்போரம் லிச்சி மரத்தடியில் தார்ப்பாயை விரித்து, அவருடைய ட்ரோனைப் பழுதுபார்க்க உட்கார்ந்தாள். மதியத்துக்குள் சேதி பரவி, பழைய ட்ரோன்களோடு நாலு வண்டிகள் வந்து நின்றன. குனிந்தே வேலை செய்ததில் அவளுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. லாய் வான்கோழிச் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார்.

"முதல்ல சாப்பிடும்மா."

"கையெல்லாம் கிரீஸ், அண்ணே. இதை முடிச்சுடறேன்" என்று அடுத்ததை இழுத்துக்கொண்டாள்.