சீரியலை ஓட்டும் என் வீட்டுக் கடைசிப் படி

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ராஜகீழ்ப்பாக்கத்தில் நெல் வயலாக இருந்த இடத்தில் முதல் மாடி வீட்டை எழுப்பியது யார்? நான். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம், தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது, இங்கே அஸ்திவாரம் நிற்காது என்று படித்தவர்கள் கையை விரித்த மனையில் வீடு கட்டியது? அதுவும் நான். சிமென்ட் கிடைக்காமல் எல்லாரும் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில் சுண்ணாம்பு அரைத்தே ஒரு கல்யாண மண்டபத்தை முடித்துக் கொடுத்தவன்... சரி, சொல்லிக்கொண்டே போனால் பக்கம் போதாது.

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் பாலத்தில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தினார். மண்டபத்தைப் பற்றிக் கேட்பார் என்று நின்றேன்.

"அந்த சீரியல் வீட்டுக்காரர்தானே நீங்க? அந்தப் படி இன்னும் அப்படியேதான் இருக்கா சார்?"

இருக்கிறது, அம்மா. என் கஷ்டமே அதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி டிவியில் ஒரு குடும்பக் காமெடி சீரியல் வருகிறது. ஒரு மாமியார், இரண்டு மருமகள்கள், ஊருக்குத் திரும்பிப் போகவே போகாத ஒரு மாப்பிள்ளை. வருஷக் கணக்கில் ஓடுகிறது. அதை எடுப்பது என் வீட்டு ஹாலில். அந்த ஹாலிலிருந்து மாடிக்குப் போகும் படிக்கட்டில் கடைசிப் படி மட்டும் இரண்டு விரல் உயரம் அதிகம்.

மேஸ்திரி வீட்டில் இப்படி ஒரு படியா என்று கேட்பீர்கள். கேளுங்கள். மாடியில் சாதா சிமென்ட் தரைதான் என்று கணக்குப் போட்டு எல்லாப் படியையும் சமமாகத்தான் கட்டினேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆபீசர் மொசைக் போட்டார். நான் சும்மா இருப்பேனா? மாடி முழுக்க மொசைக்! தரை இரண்டு விரல் ஏறிவிட்டது. படிக்கட்டு? அது பாட்டுக்கு நின்ற இடத்தில் நின்றது.

கிரகப்பிரவேசத்தன்றே என் சம்சாரம் சரோஜா அதில் கால் விரலை இடித்துக்கொண்டாள். "படி சரியாத்தான் இருக்கு, நீ காலைத் தூக்கி வை" என்றேன். அன்று முதல் எங்கள் வீட்டில் அதுவே சட்டம்.

ஷூட்டிங் வந்த முதல் நாள், பெரிய மருமகளாக நடிக்கிற பெண் மாமியாரிடம் கத்திவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறினாள். கடைசிப் படியில் தடுக்கிக் குப்புற விழப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முறைக்க வேண்டிய மாமியாரும் சிரித்துவிட்டார். டைரக்டர் தம்பி அதை வெட்டாமல் அப்படியே போட்டார்.

அவ்வளவுதான்! அப்புறம் வாரா வாரம் யாராவது ஒருவர் — பெண் பார்க்க வந்தவர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், போலீஸ் இன்ஸ்பெக்டர். எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும் அந்தப் படியில் தடுக்கினால் முடிந்துபோகும்.

நான் அந்த சீரியலின் பரம ரசிகன். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? கதை தீர்ந்து ரொம்ப நாளாகிறது. மாமியார் வளையலைத் தொலைத்துத் தொலைத்து எங்களுக்கே சலித்துவிட்டது. நடுவில் மாப்பிள்ளைக்கு வேற ஆளைப் போட்டார்கள், எங்கள் வீட்டில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து திட்டிக்கொண்டேதான் பார்ப்பேன். ஆனால் யாராவது மாடிப்படிப் பக்கம் திரும்பினால் போதும்... நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். தடுக்கினால் இருமல் வருகிற வரை சிரிப்பேன். தன் வேலையைப் பார்த்துத் தானே சிரிக்கிற மேஸ்திரி இந்தத் தாலுகாவில் வேறு எவனாவது உண்டா?

சிரிப்பு தொழிலில் கை வைத்தபோதுதான் வலித்தது. சிட்லபாக்கத்தில் மனை வாங்கிய ஒரு பேங்க் ஆபீசர் வீடு கட்டச் சொல்லி வந்தார். எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும்போது தயங்கினார்.

"மேஸ்திரி, தப்பா நினைக்காதீங்க. வீடு நீங்களே கட்டுங்க. படிக்கட்டை மட்டும் வேற ஆளுகிட்ட குடுத்துடலாமா?"

சோறு இறங்குமா? இத்தனை வருஷம் சம்பாதித்த பேர், இரண்டு விரல் உயரத்தில் போய்விட்டது. மறுநாள் காலையில் உளியும் சம்மட்டியுமாக நானே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாப் படியையும் கொத்தி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பூச்சு ஏற்றினால் சமமாகிவிடும். பெரிய வேலையே இல்லை.

எப்படித் தெரிந்ததோ, டைரக்டர் தம்பி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"ஐயா, கதை இல்லாமகூட நான் ஓட்டிடுவேன். இந்தப் படி இல்லாம ஒரு வாரம் ஓட்ட முடியாது."

உன் சீரியல் முக்கியமா, என் பேர் முக்கியமா என்று சத்தம் போட்டேன். அப்போது மாடியிலிருந்து சரோஜா இறங்கி வந்தாள். அந்தப் படியில் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, பழக்கமாக.

"கொத்தறதுன்னா நான் சொன்ன அன்னிக்கே கொத்தியிருக்கணும். அன்னிக்கு என் கால்ல தப்புன்ன. இப்ப ஊரே இடிச்சிகினு சிரிக்குது, எனக்கு அதான் ஆறுதலா கீது. உளிய கீழ வையி."

வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

அடுத்த ஷூட்டிங்குக்கு அந்த பேங்க் ஆபீசர் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வந்தார். இடைவேளையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, இதோ பாருங்கள், இதுதான் அந்தப் படி என்று சொல்லிக்கொண்டே ஏறினார். சொல்லி முடிப்பதற்குள் தடுக்கினார். லைட் பிடித்தவர் முதல் மாமியார் வரை ஹாலே சிரித்தது. அவரும் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சந்தோஷமான நேரமாயிற்றே என்று, படிக்கட்டு வேலையும் எனக்குத்தானே சார் என்று மெதுவாகக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று நொண்டிக்கொண்டே போனார்.

ஆக, பேர் போனது போனதுதான். போன பேருக்கு ஈடாக ஒன்று கேட்கிறேன். டைரக்டர் தம்பி, உன் சீரியலில் பேர் ஓடும்போது விக் கொடுத்தவர் வருகிறார், புடவை கொடுத்த கடை வருகிறது. வாரா வாரம் சிரிப்பைக் கொடுத்தவன் எங்கே? 'மாடிப்படி அமைப்பு: மேஸ்திரி கன்னியப்பன், ராஜகீழ்ப்பாக்கம்' என்று பெரிய எழுத்தில் போட வேண்டும்.

அதன் கீழேயே இன்னொரு வரி: 'மற்ற படிகள் எல்லாம் ஒரே உயரம்.'