தேத்தண்ணியும் சாயமும்

என் எழுத்து வளைந்து வளைந்துதான் போகும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். சில மாதங்களும் இலக்கங்களும் மறந்தும் போயின. வாசிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்போது இருக்கும் மருத்துவமாது மிஸ், கிளினிக் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஏதாவது எழுதித் தாங்கோ என்று மூன்று தரம் கேட்டுவிட்டா. நாலாம் தரமும் கேட்க வைப்பது மரியாதை இல்லை என்றுதான் கொப்பியை எடுத்தேன்.

1. முதல் நாள்

மன்னார்த் தீவில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு வியாழக்கிழமை கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக் நடக்கும். எனக்கு உதவியாள் வேலை. மண்டபத்தைக் கூட்டி, வாங்குகளையும் கதிரைகளையும் இழுத்துப் போட வேண்டும். தாய்மாரை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி, நிறையை உரத்துச் சொல்ல வேண்டும். அப்போது இருந்த மிஸ் அதைக் கொப்பியில் எழுதுவா.

முதல் நாள் எனக்குக் குரல் வரவில்லை. ஒவ்வொரு நிறையையும் மிஸ்ஸின் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். நாலைந்து பேர் முடிந்ததும் மிஸ் பேனையைக் கீழே வைத்தா.

"பிலோமினா அக்கா, இது சாமியாரின்ரை காதிலை சொல்லுற பாவசங்கீர்த்தனம் இல்லை. வாயைத் திறந்து சொல்லுங்கோ."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கூச்சம் போகவில்லை. அந்தக் கூச்சத்தால் பிறகு ஒரு பிழை வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. என்னிடம் கேட்பார்கள்

சாப்பாட்டுக் கேள்விகளை மிஸ்ஸிடம் கேட்கத் தாய்மாருக்கு வெட்கம். தராசில் ஏறும்போது என்னிடம் மெல்லக் கேட்பார்கள்.

"அக்கா, நண்டு தின்னலாமோ? சூடு எண்டு மாமி சட்டியை ஒளிச்சு வைக்கிறா."

"புது நண்டு, நல்லா அவிஞ்சது எண்டால் தின்னலாமாம். மிஸ் சொன்னவ. நான் சொன்னதா மாமியிட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

மிஸ் சொல்லித் தந்தவை எனக்குப் பாடம். முருங்கையிலை, கீரை, பயறு, நன்றாக அவித்த முட்டை நல்லது. கீரிமீன், நெத்தலி போன்ற சின்ன மீன்களும் நல்லது. சுறா போன்ற பெரிய மீன்கள் வேண்டாம். அரைவேக்காடாக எதுவும் வேண்டாம், பப்பாசிக்காயும் வேண்டாம். கருவாட்டில் உப்புக் கூட, அதனால் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளலாம். சுறா பாலூறும் என்று பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறது எங்கள் வழக்கம். அதையே கர்ப்பிணிக்கு வேண்டாம் என்று சொல்லி நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை.

குளிசைப் பைக்கற்றைக் கையில் கொடுப்பதும் என் வேலைதான். கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் சொல்லச் சொல்லி மிஸ் ஒரு வசனம் தந்திருந்தா. "இரும்புச் சத்துக் குளிசையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணியோட குடியுங்கோ. குளிசையோடையும் சாப்பாட்டோடையும் தேத்தண்ணி குடிக்காதேங்கோ, தேயிலைச் சாயம் இரும்பை உடம்பிலை சேர விடாது."

இவ்வளவு நீளத்தை நாற்பது பேருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தேத்தண்ணி கூடாது" என்று மட்டும் சொல்லிக் குளிசையை நீட்டினேன். அவர்களும் தலையாட்டி வாங்கிப் போனார்கள்.

3. ஏறாத இரத்தம்

முத்துலெட்சுமி என்று ஒரு பிள்ளை. மலைநாட்டில் இருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். கருவாட்டு வாடியில் மீன் காயப்போடும் கூலி வேலை. முதல் பிள்ளைப்பேற்றில் இரத்தம் நிற்காமல் போய், அவள் தப்பியதே பெரிய காரியம். பிள்ளை தங்கவில்லை. இது இரண்டாவது. இரத்தம் குறைவாக இருக்கும்போது அப்படி இன்னொரு தரம் போனால் ஆளே மிஞ்சாது என்று மிஸ் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தா.

இரத்தத்தின் அளவை எச்.பி. என்பார்கள். அவளுடைய எச்.பி. முதலில் எட்டரை இருந்தது. அடுத்த மாதம் எட்டு. வயிற்றுப் புழுவுக்கான குளிசையும் கொடுத்தாயிற்று. அதற்கடுத்த மாதம் எட்டுக்கும் கீழே. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மிஸ்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. குளிசையை என்ன செய்யிறாய்? கோழிக்குப் போடுறியோ?"

"முழுங்குறேங்க மிஸ். ஒருநாள் விடாம முழுங்குறேங்க."

வாங்கில் இருந்த, கீரி என்ற ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "கோழிக்கில்லை மிஸ், வாடியிலை கருவாட்டுக்குப் போடுறாள் போல. கருவாடு நல்லாச் சிவந்து போய்க் கிடக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முத்துலெட்சுமி நிலத்தைப் பார்த்தபடி கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த கிளினிக்குக்கு அவள் வரவில்லை.

மிஸ் வீட்டுக்குத் தேடிப் போனால் வாடிக்குள் ஒளித்துவிடுகிறாளாம். "பிலோ அக்கா, நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. உங்களைக் கண்டு ஆரும் பயப்பிடமாட்டினம்" என்றா மிஸ்.

4. அவள் போட்டுத் தந்த சாயம்

பகல் வெயிலில் போனேன். முத்துலெட்சுமி முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் கதிரையைத் துடைத்துப் போட்டாள். குளிசை எங்கே என்று கேட்டேன். பிஸ்கற் ரின்னைத் திறந்து காட்டினாள். அவள் கடைசியாக வந்த கிளினிக்கில் கொடுத்ததில் எவ்வளவு குறைந்திருக்க வேண்டுமோ அவ்வளவு குறைந்திருந்தது.

"தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"இல்லீங்க அக்கா. நீங்க கூடாதுன்ன அன்னைக்கே விட்டாச்சு."

எனக்கு மேலே கேட்கத் தெரியவில்லை. குளிசையும் சரி, தேத்தண்ணியும் இல்லை. எழும்பினேன்.

"வெறும் வாயோட போறதா? உக்காருங்க, சாயம் போட்டுத் தாறேன்."

எங்களுக்குச் சாயம் என்றால் ஓலைப்பெட்டி முடைகிறவர்கள் ஓலைக்குப் போடுகிற வர்ணம். இந்தப் பிள்ளை என்னத்துக்குச் சாயம் போடப் போகிறாள் என்று நினைத்தபடி இருந்தேன். அவள் கிளாசில் கறுப்பாக ஆவி பறக்கக் கொண்டுவந்து தந்தாள்.

"இது பிளேன்ரீ எல்லோ?"

"ஆமாங்க, சாயம்."

"இதை எப்பெப்ப குடிப்பாய்?"

"காலையில ஒண்ணு. வாடிக்குப் போனதும் ஒண்ணு. பகல் சோத்துக்கு ஒண்ணு. ராத்திரி குளிச முழுங்கையில ஒண்ணு. வெறுந்தண்ணியில முழுங்குனா கொமட்டுதுங்க."

"தேத்தண்ணியை விட்டிட்டன் எண்டாய்?"

"எங்க வீட்டுல தேத்தண்ணின்னா பால் ஊத்துனதுங்க. இது சாயம். நீங்க தேத்தண்ணி கூடாதுன்னதும் பால்மா வாங்குறதையே நிறுத்திட்டோம். பாலு புள்ளைக்கு நல்லதாச்சேன்னு அவரு கேட்டாரு. கிளினிக்குல சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

இரும்பைத் தடுக்கிற தேயிலையை நாளுக்கு நாலு தரம் குடித்துக்கொண்டு, பிள்ளைக்கு வேண்டிய பாலை விட்டிருக்கிறாள். என் அரை வசனத்தை நம்பி இவ்வளவும் செய்திருக்கிறாள்.

"பிழை உன்னிலை இல்லை பிள்ளை. என்னிலை" என்றேன். மிஸ் தந்த வசனத்தை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னேன். பாலைக் குளிசையோடு குடிக்காமல் வேறு நேரத்தில் குடிக்கச் சொன்னேன். குமட்டினால் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து குடிக்கலாம், அது இரும்பு சேரவும் உதவும் என்றேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப நான் கோழிக்குப் போடலன்னு அவங்க எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா அக்கா? சொன்னா வாறேன்."

5. உரத்துச் சொன்னது

அடுத்த கிளினிக்கில் அவளைத் தராசில் ஏற்றினேன். வாங்குகள் நிறையத் தாய்மார். தராசைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"முத்துலெட்சுமி ஒரு குளிசையும் விடாமல் குடிச்சவள். பிழை நான் சொன்னதிலை. நான் முழுக்கச் சொல்லேல்லை."

நடந்ததைச் சொல்லி முடித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கருவாட்டுக் கதை சொன்ன கீரிப் பெண்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப அக்கா, நான் குடிக்கிற பிளேன்ரீயும் கணக்கோ? பாலில்லாட்டில் பாதகமில்லை எண்டெல்லோ நினைச்சனான்." அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தலையைச் சொறிந்தார்கள். அவர்கள் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

மிஸ் என்னை ஏசுவா என்று நின்றேன். மிஸ் எழும்பி வந்து முத்துலெட்சுமியின் கையைப் பிடித்தா. "நான்தான் உன்னை நம்பேல்லை. மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றா. பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அடுத்த கிளினிக்கில் இருந்து மிஸ் ஒருவரிடமும் "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ" என்று கேட்கவில்லை. "காலமை எழும்பினதும் முதல் என்ன குடிச்சனீங்கள்? பிறகு? அதுக்குப் பிறகு?" என்று படுக்கப் போகும்வரை கேட்பா. மேசையில் மூன்று கிளாஸ் வைப்போம். ஒன்றில் பிளேன்ரீ, ஒன்றில் பால் விட்டது, ஒன்றில் தேசிக்காய்த் தண்ணீர். கிளாசைத் தொட்டுக் காட்டினால் எந்த ஊர்ப் பேச்சுக்காரருக்கும் விளங்கும்.

முத்துலெட்சுமியின் எச்.பி. அடுத்த மாதம் ஒன்பதைத் தொட்டது. முருங்கையிலையும் முட்டையும் பயறும் சாப்பிட்டாள். பிள்ளைப்பேற்றுக்கு முன் பத்துக்கு மேலே போனது. ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. அதிகம் இரத்தம் போகவில்லை.

பிள்ளையோடு நிறை பார்க்க வந்த அன்று ஒரு பிளாஸ்க்கும் கொண்டுவந்தாள். "அக்கா, இது தேத்தண்ணி. பால் ஊத்துனது. குளிச ராத்திரியே தண்ணியில போட்டாச்சு, பயப்படாமக் குடிங்க" என்றாள். இரண்டு பேரும் மண்டபத்துப் படியில் இருந்து குடித்தோம். அதற்குப் பிறகு வேலை செய்த அவ்வளவு வருசமும் நான் வசனத்தைக் குறைத்ததில்லை. என்னை வேலையில் இருந்து நிற்பாட்டாத மிஸ்ஸுக்கு நன்றி. அன்றைக்கு என்னை வெறும் வாயோடு போகவிடாத முத்துலெட்சுமிக்கு அதைவிட நன்றி. அவள் அந்தச் சாயத்தைப் போட்டுத் தராமல் விட்டிருந்தால் நான் ஒன்றும் அறியாமல் வீட்டுக்குப் போயிருப்பேன்.

பிள்ளையள், தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று நினைக்காதேங்கோ. என்ன குடிக்கிறா என்று கேட்டு, முடிந்தால் கிளாசையும் பாருங்கோ.

எச்.பி. இலக்கங்களை நினைவில் இருந்துதான் எழுதினேன். குளிசை விசயமும் சாப்பாட்டு விசயமும் இன்றைக்குச் சொல்லிக் கொடுக்கிறபடி சரியா என்று இப்போதைய மிஸ் பார்த்துத் திருத்த வேண்டும். முத்துலெட்சுமிக்கும் ஒருக்கா வாசித்துக் காட்டுங்கோ. அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதினேனா, மறுபடியும் என் பேச்சில் மாற்றிவிட்டேனா என்று அவளுக்குத்தான் தெரியும்.