கிணற்றுக்கு விடுமுறை

கிணற்றுக்கும் ஓய்வு வேண்டும் என்று முதலில் சொன்னவர் என் அப்பாதான். வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் அவர் இன்ஜின் டிரைவர். மில்லுக்கு எதிரே அம்மா இட்லிக் கடை வைத்திருந்தாள். இந்த இரண்டுக்கும், தெருவிலிருந்த வீடுகளுக்கும், டீக்கடைக்கும், சலூனுக்கும் மில் வாசலில் இருந்த ஒரே கிணறுதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. டீக்கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது. வயல்களில் கூலித் தகராறு. அது போதாதென்று ஆற்றிலும் தண்ணீர் வரவில்லை. கோடை முற்ற முற்றக் கிணறு உள்வாங்கியது. மில் தொட்டியில் நெல்லை ஊறப்போட்டு வேளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவதால்தான் என்றது தெரு. தெருப் பெண்கள் வாசல் தெளித்தே வற்ற அடிக்கிறார்கள் என்றது மில். எங்கள் வீட்டில் இந்த இரண்டு கட்சியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டன.

“தண்ணிய மாத்தாம ஊறப்போடச் சொல்லுங்களேன்” என்பாள் அம்மா.

“நாத்தம் புடிச்ச அரிசிய நீ இட்லிக்குப் போடுவியா?” என்பார் அப்பா.

கிணறு வற்றினால் கடையும் நிற்கும், மில்லும் நிற்கும். வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா உண்மையிலேயே பயந்துபோயிருந்தாள்.

கடைசியில் அப்பாவின் யோசனையை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மில்லோ வீடோ கடையோ, யாரும் கிணற்றில் வாளி போடக் கூடாது. ஊற்றுக்கு நேரம் கொடுத்தால் தண்ணீர் ஏறும்.

அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. ஞாயிறு தண்ணீர் கிடையாதே என்று சனிக்கிழமை முழுக்க எல்லோரும் இறைத்தார்கள். குடம், தவலை, கல்யாண அண்டா, சலூன்காரரின் தகர டின், எங்கள் ஆட்டுரல் குழி உட்பட எல்லாம் தளும்பி நின்றன. ஒரு தெருவில் அவ்வளவு தண்ணீர் இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. பிரமித்துப்போய் வீடு வீடாகப் பார்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் வாளியில் சேறு வந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை தெற்குத் தெருப் பெண்கள் வெறும் குடங்களோடு வந்து நின்றார்கள். மில்லில் நெல் அவிப்பவர்கள் அவர்கள். கிணற்றுக் கயிற்றை அவர்கள் தொடுவதில்லை. எங்கள் தெருக்காரர் யாராவது இறைத்துத் தூக்கி ஊற்ற வேண்டும். உழைத்துக் களைத்தவர்களுக்கு ஊர் செய்யும் உபசாரம் அது என்று நான் நம்பியிருந்தேன். சனிக்கிழமை மும்முரத்தில் அந்த உபசாரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அம்மா அவர்களுடைய வெறும் குடங்களைப் பார்த்தாள். பிறகு அப்பாவும் அவளுமாக எங்கள் பெரிய அண்டாவைக் கடை வாசலுக்கு இழுத்து வந்தார்கள். முன்னால் வந்த பெண் வழக்கம்போல் குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

“நீயே மொண்டுக்கம்மா” என்றாள் அம்மா.

“நானாங்க?”

“ஆமா, நல்லா முக்கி எடு.”

அம்மாவுக்குத் தோள்வலி போலும் என்று நான் சொம்பை எடுத்துக்கொண்டு ஊற்றப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். அந்தப் பெண் குடத்தை அண்டாவுக்குள் அமிழ்த்தினாள். அது நிரம்பி முடியும்வரை தெருவே வாசலில் நின்று பார்த்தது.

பிறகு, வெட்கமோ என்னவோ, சலூன் டின் வந்தது. மில் முதலாளி வீட்டுத் தவலையும் வந்தது. அவர்கள் பழைய உபசாரப்படி தூக்கித்தான் ஊற்றினார்கள். பதுக்கியதைப் பங்கிட்டதில் ஒரு நாள் விடுமுறை மூன்று நாளாக நீண்டது. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் தேய்த்தோம். மில் தொட்டி காய்ந்து கிடந்தது. வாசல் தெளிக்காமலே பொழுது விடிந்தது.

புதன்கிழமை காலை அப்பா என்னை இடுப்பில் பிடித்துக்கொண்டு கிணற்றை எட்டிப்பார்க்கச் சொன்னார். தெளிந்த தண்ணீர் கிணற்று உறையில் இரண்டு வளையம் உயரத்துக்கு ஏறியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு குமிழ் கிளம்பியது, பிறகு இன்னொன்று. யாரும் கேட்காமல் பூமி தானாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.  உலகத்தில் இதைவிடப் பெரிய அதிசயம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள் கிணற்றுக்கு விடுமுறை என்று ஆயிற்று. மில் ஓடியது. ஆனால் ஒரு மாதம்போல எங்கள் தெருவில் பாதிப் பேர் அம்மாவின் கடைக்கு வரவில்லை. மீந்துபோன இட்லியை அவள் எங்களுக்குப் போட்டாள். அவர்கள் கை கழுவும் தண்ணீரைக்கூடச் சிக்கனம் செய்கிறார்கள், எவ்வளவு நல்லவர்கள் என்று நான் வியந்துகொண்டே சாப்பிட்டேன்.