மணிமேகலை பயந்த கட்டில்

கொடைக்கானல் மேல்மலைப் போளூர் மணிமேகலைக்குக் காட்டுமாடு என்றால் பயம் கிடையாது. பூண்டுத் தோட்டத்துக்குள் அது இறங்கிவிட்டால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு தனியாகப் போய் விரட்டிவிட்டு வருவாள். கரண்டு என்றால் மட்டும் நடுங்குவாள். பத்து வயதில் ஒரு மழை நாளில், மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியில் அவள் வீட்டுக் காளை உரசியதைப் பார்த்தவள். காளை கத்தவே இல்லை. நின்றது, பிறகு கிடந்தது. அந்த சத்தமின்மையைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் விளக்கு போடுவது, அணைப்பது எல்லாம் கணவன் நல்லசாமியின் வேலை. அவன் இல்லாவிட்டால் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். ஊரில் அதற்காகக் கேலி உண்டு.

போன ஆவணியில் நல்லசாமிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். நோயாளியைப் புரட்டுவது, துடைப்பது, கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில்.

கட்டிலை அடுப்பங்கரையில் போட்டிருந்தார்கள். மேல்மலைக் குளிருக்கு அதுதான் சூடான இடம். அடுப்புக்கு மேலே ஒரு நீளமான இரும்புக் குழாய். அதில் விதைப்பூண்டுக் கட்டுகள் புகை பட்டுக் கறுத்துத் தொங்கின. நடவு நாளுக்கு முன்னால் இறக்கினால் முளை செத்துப்போகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஆகவே அந்தக் கட்டுகளை விலக்கிக் குழாயை யாரும் பார்ப்பதில்லை. பல்புக்குப் போகும் ஒயரைத் தொங்கவிடாமல் அந்தக் குழாயிலேயே சுற்றிவிட்டிருந்தார்கள். நல்லசாமி நல்ல கையால் பிடித்து எழுந்து உட்கார வேண்டும் என்று, மருமகன் ஜெயமுருகன் குழாயிலிருந்து ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, அது ஆடாதபடி நுனியைக் கட்டிலின் தலைமாட்டில் கொக்கி போட்டு மாட்டியிருந்தான். கட்டிலும் இரும்பு. வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தான்.

ஐப்பசியில் ஜெயமுருகன் பழனிக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு காந்தக் காப்பு வாங்கி வந்தான். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓடவைக்கும், செத்த நரம்பு பிழைக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் ஆணியில் இருப்பது போல அது இல்லை. காந்தம் இழுக்கும் வகையில் இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க அந்தப் பெரிய காந்தத்துக்குள் போனவர்கள் யாரும் உயிரோடு திரும்பியிருக்கமாட்டார்கள். இதைச் சொன்னேன். "கெடக்கட்டும் சிஸ்டரம்மா, போட்டா என்ன கொறஞ்சா போகுது?" என்றான். விழுந்த கையில் மாட்டிவிட்டார்கள். காப்பு கட்டிலின் பக்கக் கம்பியில் போய் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. கையும் அதோடு அங்கேயே கிடந்தது.

அந்த வாரமே நல்லசாமி, "கையில சுள்ளுனு இழுக்குது" என்றார்.

கை பிழைக்கிறது என்று வீடே சிரித்தது. ஜெயமுருகன் ஊரெல்லாம் சொன்னான். கை எப்போதும் இழுக்கவில்லை. மேகம் இறங்கி இருட்டிக்கொண்டு வரும்போதுதான் இழுத்தது. வெயில் நாளில் ஒன்றுமில்லை. "மேகத்துக்குத்தான் சொரணை வருது" என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். நானும் பக்கவாதம் ஆறும்போது இப்படி எறும்பு ஊர்வது போல வரும் என்றுதான் நினைத்தேன்.

மணிமேகலை மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாள் காலை துணி அலசும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சிஸ்டரம்மா, ஒண்ணு கேக்கவா? நேத்து அவுக முதுகத் தொடச்சேன்ல. கட்டில்ல என் மணிக்கட்டு பட்டுச்சு. எனக்கும் சுள்ளுனுச்சு."

"உனக்குமா? கால்ல செருப்பு இருந்துச்சா?"

"இல்ல. தண்ணியில நின்னேன்."

அலசிய துணியைப் போட்டுவிட்டு யோசித்தேன். மேகம் இறங்கினால் வீட்டில் என்ன செய்வார்கள்? பகலிலேயே பல்பைப் போடுவார்கள். சுவிட்சைப் போட்டால்தான் அந்த ஒயரில் கரண்டு வரும். வருடக்கணக்கான புகையில் ஒயரின் மேல்தோல் வெடித்திருந்தால், கரண்டு குழாய்க்கு இறங்கும், சங்கிலி வழியே கட்டிலுக்கு வரும். இரும்பும் சங்கிலியும் அதற்கு வழி. காய்ந்த மெத்தையும் ரப்பர் செருப்பும் தடை. கரண்டு சும்மா நிற்காது. மண்ணுக்குப் போகத்தான் பார்க்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கட்டிலைத் தொட்டவர்தான் அதற்கு வாசல். மனித உடம்பே உப்புத் தண்ணீர்தான்.

"இன்னைக்கு பல்பை அணைச்சு வச்சு, அவருக்கு இழுக்குதான்னு கேட்போம். இழுக்கலைன்னா கரண்டுதான்" என்றேன்.



"அமத்திப் பாத்து, இழுக்கலேன்னு ஆயிட்டா?"

"உயிர் மிஞ்சும்."

"அவுக கை?"

கணவனின் கை பிழைக்கிறது என்ற ஒன்றை வைத்துத்தான் அந்த வீட்டில் சோறு இறங்கிக்கொண்டிருந்தது. "மத்தியானத்துக்குப் பாப்பம் சிஸ்டரம்மா. தோட்டத்துச் சோலி கெடக்கு" என்று போய்விட்டாள். நான் உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கிவைத்தேன். சங்கிலியையும் கழற்றியிருக்க வேண்டும். பூண்டில் கை பட்டால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தபோது மேகம் திமுதிமுவென்று இறங்கியது. திரும்பி வந்தால், மெயின் இறங்கியிருக்கிற தைரியத்தில் நல்லசாமியைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, அலுமினியச் சட்டியில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டு, கால் இரண்டையும் அதில் வைத்திருந்தாள் மணிமேகலை. சட்டியைச் சுற்றித் தரையெல்லாம் ஈரம். காப்பு வழக்கம்போலக் கட்டில் கம்பியில் ஒட்டியிருந்தது.

வாசலில் ஜெயமுருகனின் குரல். "என்ன அத்த, எருமை மாதிரி இருட்டுல கெடக்கீக? யாரு மெயின அமத்துனது?"

"மாப்ள, தொடாதீக!" என்றாள் அவள். நானும் கத்தினேன். அவன் மெயினை ஏற்றிவிட்டு, நாங்கள் ஏதோ விளையாடுகிறோம் என்று நினைத்து, உள்ளே வந்து பல்பைப் போட்டான்.

நல்லசாமியின் இடது கை துடித்தது. முழங்கை வரை துடித்தது.

"பாருங்க அத்த! கை ஆடுது! மாமா, ஆட்டுங்க, இன்னும் ஆட்டுங்க!" கை தட்டினான் ஜெயமுருகன்.

நல்லசாமியின் வாய் இறுகிவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. குரலே வரவில்லை. காளையைப் போலவே.

மணிமேகலை அவரைப் பிடிக்கப் பாய்ந்தாள். "தொடாதே! தொட்டா நீயும் போயிருவே. சுவிட்சு!" என்றேன். சுவிட்சு அவள் தோளுக்கு நேராக இருந்தது. அவள் நின்றுவிட்டாள். அவள் கண்கள் சுவிட்சுக்கும் கணவனுக்கும் போய்ப் போய் வந்தன. கை மேலே எழுந்து பாதியில் நின்றது. ஜெயமுருகனுக்கு இன்னும் புரியவில்லை, நான் கட்டிலைச் சுற்றி வர இடமில்லை. பிறகு அவள் காய்ந்த முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சுவிட்சில் ஓங்கி அடித்தாள்.

பல்பு அணைந்தது. நல்லசாமி மூட்டை போல மெத்தையில் சரிந்தார்.

மூச்சு இருந்தது. நாடி தாறுமாறாக ஓடியது. ஜெயமுருகன் வண்டியிலேயே கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். இதயத் துடிப்பைப் படம் எடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மணிக்கட்டில் காப்பு இருந்த இடத்தில் வட்டமாகத் தோல் வெந்திருந்தது. போகும் வழியில் ஒரு வளைவில் ஜெயமுருகன், "நான் கை தட்டுனேன் சிஸ்டரம்மா" என்றான்.

நாங்கள் திரும்புவதற்குள் மணிமேகலை விதைப்பூண்டை இறக்கிவிட்டிருந்தாள். நடவுக்கு இன்னும் நாள் இருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி, "மொளைச் சாபம் வாங்காத" என்று வாசலில் நின்று சொன்னாளாம். "புருசன் இருக்கட்டும், பூண்டு போகட்டும்" என்று, மெயின் இறங்கிக் கிடந்த வீட்டில் குழாயையும் பிடுங்கி வெளியே போட்டுவிட்டாள். வயர்மேன் வந்து புது ஒயர் இழுத்து, எர்த் போட்டு, கசிந்தால் தானே விழுந்துவிடும் பெட்டி ஒன்றையும் மாட்டினார். காப்பு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நல்லசாமியின் கை இழுக்கவில்லை. வெயிலிலும் இல்லை, மேகத்திலும் இல்லை. குண்டூசியால் குத்திப் பார்த்தேன். கட்டைவிரல் அடியில் மங்கலாகத் தெரிந்தது. மற்ற இடம் மரக்கட்டை. அதை மறைக்காமல் அவரிடமே சொன்னேன்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு மேகமான பகலில் மணிமேகலையைக் கூப்பிட்டார்.

"ஏ மணி, அந்தக் காப்பக் கொண்டா. பழைய ஒயரையும் கொண்டாந்து கட்டில்ல சுத்து."

"என்ன பேச்சு பேசுறீக?"

"அது இழுத்தப்பத்தான் இந்தக் கை எனக்கு இருந்துச்சு. செத்த நேரம் போதும். போட்டுட்டு அமத்திரு."

அவர் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. காப்பி கேட்பது போலக் கேட்டார். மணிமேகலை என் பக்கம் திரும்பியபோது அவள் உதடு வெளுத்திருந்தது. மருத்துவரிடம் சொல்லி மனதுக்கு மாத்திரை வாங்கினோம். அது வேலை செய்யச் சில வாரங்களாகும் என்றார். அதுவரை அவரைத் தனியாக விடக்கூடாது என்றும் சொன்னார். வலது கை நன்றாக இருக்கிற மனிதர். தலைமாட்டில் செல்போன் சார்ஜர், எட்டும் தூரத்தில் பிளக்குப் பெட்டி. ஆனால் பூண்டு நடவேண்டும், கூலிக்கு ஆள் கிடையாது. மதியத்துக்கு மேல் நான் மன்னவனூரில் இன்னொரு நோயாளிக்குப் போகவேண்டும். அந்தச் சில மணி நேரம் அவர் தனியாகத்தான் கிடக்கவேண்டும்.

வயர்மேனை வரச்சொல்லி அவளே கேட்டுக் கற்றுக்கொண்டாள். முதலில் மெயினை இறக்கவேண்டும், பிறகு பியூஸ் கட்டையைப் பிடுங்கவேண்டும். முதல் நாள் செய்தபோது பக்கத்தில் நின்ற என்னைப் பிடித்துக்கொண்டாள். இப்போது தனியாகச் செய்கிறாள். தினமும் மதியம் மெயினை இறக்கி, வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கி, மடியில் முடிந்துகொண்டு தோட்டத்துக்குப் போகிறாள். வீட்டில் ஒரு கம்பியிலும் கரண்டு இல்லை. அது தெரிந்தும், பூண்டு நடுகிறவள் நான்கு பல்லுக்கு ஒரு முறை நிமிர்ந்து, மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் காது கொடுத்துக் கேட்கிறாள்.