ஒன்பதாவது தாங்கி

கடைசித் திருகையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் மதர்போர்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்துத் தூக்கினான். ஆறு வருடங்களுக்கு முன் அவனே பொருத்தியது. அதன்பின் ஒருமுறைகூட அது கேபினெட்டை விட்டு வெளியே வந்ததில்லை. அடியிலும் தூசி. பிரஷை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

போர்டில் எட்டுத் துளைகள். கிண்ணத்தில் எட்டுத் திருகுகள். போர்டு கேபினெட்டின் தகட்டில் படாமல் தூக்கிப் பிடிக்கும் பித்தளைத் தாங்கிகள் ஒன்பது இருந்தன.

மறுபடி எண்ணினான். ஒன்பதாவது தாங்கி நடுவில், துளையே இல்லாத இடத்துக்கு நேர் கீழே நின்றது. அதன் தலையில் மிளகளவு கறுப்பு. போர்டைத் திருப்பினான். அதே இடத்தில் ஈயம் வைத்த முனை ஒன்று கருகியிருந்தது.

கேபினெட் பெரிய போர்டுக்கும் சின்ன போர்டுக்கும் பொதுவானது. வேண்டாத தாங்கியைக் கழற்றிவிட்டுத்தான் பொருத்த வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவனுக்கு முதல் நாளே சொல்லித்தரும் விஷயம். அவன் கழற்றவில்லை.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. ஒரு ஃப்ரேமில் லென்ஸ் இம்மி விலகி உட்கார்ந்தாலும் பிரித்து மறுபடி மாட்டுவான். அரை நூல் அளவு பிசகையும் விடமாட்டான் என்பதால் கடையில் அவனுக்கு அரைநூல் என்று பெயர். முதலாளி வைத்தது. அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

கம்ப்யூட்டரை அக்காவுக்காகத்தான் கட்டினான். பாடப்புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே டைப் செய்து பக்கம் அமைத்துக் கொடுத்தாள். படிப்பை விட்டபின் அவளுக்குப் பிடித்து அமைந்த ஒரே வேலை. பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினான். பதினோரு நொடியில் திரை வந்துவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓடவிட்டுக் காட்டினான்.

மூன்றாம் மாதம் அது திடீர் திடீரென்று அணையத் தொடங்கியது. பவர் சப்ளையை மாற்றினான். மெமரியை இடம் மாற்றிச் செருகினான். வேகத்தைக் குறைத்தான், மின்விசிறியைக் கூட்டினான். ஒரு நாள் அவன் பக்கத்தில் நிற்கும்போதே அக்காவின் கால் கேபினெட்டில் இடித்தது. அணைந்தது. காரணத்தைப் பிடித்துவிட்டேன் என்றான்.

அவன் அதற்குமேல் தேடவில்லை. மேசைக்கு அடியில் தரையில் சிவப்பு டேப் ஒட்டினான். இந்தக் கோட்டைத் தாண்டிக் கால் வரக் கூடாது.

"சின்ன வயசுல பாண்டி ஆடக் கோடு போட்டது நானு. இப்ப எனக்கே கோடு போடுறியா?" என்று அக்கா சிரித்தாள். அன்றிலிருந்து நாற்காலியின் மேலேயே காலை மடித்து உட்கார்ந்தாள். மறந்து காலைத் தொங்கவிட்ட நாளில் அணைந்தால் அவனிடம் சொல்லமாட்டாள். அம்மா சொல்லிவிடுவாள்.

ஒருமுறை அக்கா கேட்டாள், எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து மாட்டிப் பார்க்கலாமே என்று.

"நான் கட்டினதுல தப்பு இருக்காதுக்கா. உன் கால்தான் சும்மா இருக்க மாட்டேங்குது."

இரண்டாம் வருடம், ஒப்படைக்க வேண்டிய காலையில் அணைந்தது. ஃபைல் கெட்டுப்போய் நாற்பது பக்கம் திறக்கவே இல்லை. பதிப்பகத்தார் ஒரு வாரம் பொறுத்தார்கள். பிறகு வேறு ஆளிடம் கொடுத்தார்கள். அக்கா வேறொரு ஊரில் மருத்துவமனைப் பதிவு கவுண்டரில் வேலை தேடிக்கொண்டு போனாள். அங்கேயும் காலை மடித்துத்தான் உட்காருகிறாளாம், எல்லாரும் சிரிக்கிறார்களாம் என்று அம்மா வேடிக்கையாகச் சொன்னாள்.

அவள் போன பிறகு கம்ப்யூட்டர் ஒரு நாளும் அணையவில்லை. அவன் அதன் பக்கத்தில் கால் வைப்பதில்லை. பார்த்தாயா என்று அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டிருந்தான்.

இப்போது பில் போடுவதற்கு முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். கொடுப்பதற்கு முன் தூசி தட்டலாம் என்றுதான் பிரித்தான்.

தாங்கியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். துடைத்து மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்காவுக்கு இன்று விடுமுறை. போனை எடுத்தான்.

"என்னடா அதிசயமா? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்றான். கம்ப்யூட்டரைப் பிரித்திருப்பதாகச் சொன்னான்.

"நான் ஊர்லயே இல்லையே. இன்னும் என் கால் அங்க எட்டுதா?"

அவன் சிரிக்கவில்லை. துளை, தாங்கி, தகடு என்று சுற்றி வளைத்துச் சொன்னான். அவளுக்குப் பிடிபடவில்லை. துணி அலசிக்கொண்டிருந்தாள் போல. குழாய்ச் சத்தம் கேட்டது.

"கால் இடிச்சா தகடு அதிரும். அதிர்ந்தா அந்தத் தாங்கி போர்டைத் தொடும். யாரு இடிச்சாலும் அணையும். உன் தப்பில்லக்கா. நான் கட்டினதுதான் தப்பு."

குழாய்ச் சத்தம் நின்றது.

"பிரிச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"பிரிக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம்."

"அரை மணி நேரம்," என்று அவளும் சொன்னாள். பிறகு, துணி காயப்போட வேண்டும், வெயில் போய்விடும் என்றாள். வைத்துவிட்டாள். மன்னிச்சிடு என்று அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போர்டை எட்டுத் தாங்கிகளின் மேல் வைத்துப் பொருத்தினான். ஓடவிட்டுக் கேபினெட்டைக் காலால் ஐந்தாறு முறை இடித்தான். அணையவில்லை. கடைக்குப் போனான். பதினான்கு ஜோடி லென்ஸ் தேய்த்தான். முதலாளி கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டார். புதன்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அக்கா கூப்பிட்டதாக அம்மா சொன்னாள். அம்மாவின் முட்டி வலியைப் பற்றிப் பேசினாளாம். அவனைக் கேட்கவில்லையாம். மேசையை நகர்த்தி டேப்பை உரித்தான். பாதி வந்தது. மீதியைக் கத்தியால் சுரண்டிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தான்.