வீரபாண்டித் திருவிழா லீவு ஷீட்டும் ஜெபராஜ் சாரும்

ஜெபராஜ் சார் போய்விட்டார். இன்று காலை, தேனியில்.

மில் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். அடுப்பில் பால் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன், பாலை இறக்கினேன், காபி போட்டேன், குடித்தேன்... அழுகை வரவில்லை. இந்த நிமிஷம் வரை வரவில்லை.

குரூப் முழுக்கக் கைகூப்புகிற படமாக வந்து விழுகிறது. பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. தேனியில் ஒரு ஸ்பின்னிங் மில். அதன் கம்ப்யூட்டர் ரூமில் நாங்கள் இரண்டே பேர். அவர் புரோகிராமர், நான் டேட்டா என்ட்ரி.

ரூமுக்கு ஏசி உண்டு. சித்திரை வெயிலிலும் மனுஷன் மப்ளர் சுற்றிக்கொண்டுதான் உட்காருவார். மூணாறில் இருந்து வாறீகளா சார் என்று பியூன்கூடக் கிண்டல் பண்ணுவார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயில் மாதிரி இருக்கிறது சார் என்பேன். "கோயில்ல பாட்டாச்சும் பாடலாம், இங்கன அதுவும் முடியாது" என்பார். சர்ச் கொயரில் பாடுகிறவர். ரூமிலும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருப்பார், சுதி சேராமல்.

சித்திரை வந்தால் மில்லில் முக்கால்வாசிப் பேருக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போகவேண்டும். தீச்சட்டி, மாவிளக்கு, ஆயிரங்கண் பானை... எல்லாருக்கும் லீவு கொடுத்தால் மெஷின் ஓடாது.

அந்த வருஷம் நான் போயே ஆகவேண்டும். என் மகளுக்கு மூன்று வயதில் அம்மை போட்டு, ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. கண் தெளிந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். தெளிந்தது. ஆத்தா காரியம், தள்ளிப்போட முடியுமா?

முன்னாடியே மேனேஜரிடம் போய்க் கேட்டேன். சரி என்று கம்ப்யூட்டரில் தன் லோட்டஸ் ஷீட்டில், இப்போதைய எக்செல் மாதிரி, என் பேரைத் தானே தட்டினார். நேரில் வந்து கேட்கிறவர்களை அப்படித்தான் ஏற்றுவார். புதுப் பொம்மை கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

டிபார்ட்மென்ட் வழியாகக் கேட்டவர்கள் பேரெல்லாம் எங்கள் டேட்டாபேஸில் இருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, மேனேஜர் ஷீட்டின் அடியில் ஒவ்வொன்றாகத் திரும்ப அடிப்பது என் வேலை.

ஒரே பேரை எதற்கு இரண்டு தடவை அடிக்கிறாய் என்று ஜெபராஜ் சார் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். இப்போது பிள்ளைகள் ஸ்கிரிப்ட் என்கிறார்கள். டேட்டாபேஸிலிருந்து பேர்களை எடுத்து, ஷீட்டில் முதல் காலி வரி எங்கே என்று தேடி, அங்கிருந்து கீழே எழுதிக்கொண்டே போகும்.

மேனேஜர் ஷீட்டில் முதல் வரி இங்கிலீஷ் எழுத்தில், ஸ்ரீ கௌமாரியம்மன் துணை. அதற்குக் கீழே மரியாதைக்கு ஒரு வரி காலி. அப்புறம்தான் பேர்கள்.

சார் சோதித்துப் பார்த்தது தானே போட்ட ஒரு ஷீட்டில். அதில் ஆத்தாவும் இல்லை, காலி வரியும் இல்லை.

ஓடவிட்டார்... அம்மன் வரி மட்டும் தப்பித்தது. மேனேஜர் ஏற்றியிருந்த அத்தனை பேர் மேலும் புதுப் பேர்கள் உட்கார்ந்துவிட்டன. என் பேரும் போயிற்று. வேறு காப்பி? அப்போது யார் வைத்தார்கள்.

ஷீட்டில் பேர் இல்லாவிட்டால் லீவு இல்லை என்றார் மேனேஜர். நீங்கள்தானே சார் தட்டினீர்கள் என்றேன். யார் யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கென்ன ஞாபகமா இருக்கிறது என்றார். ரூமுக்கு வந்து அழுதேன். அன்றைக்கு வந்தது.

ஜெபராஜ் சார் எழுந்து மில்லுக்குள் போனார். பஞ்சு பறக்கிற டிபார்ட்மென்ட் ஒவ்வொன்றிலும் நின்று, யாருக்கெல்லாம் மேனேஜர் நேரில் லீவு சொன்னார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். கேட்டால் விடுவார்களா? கிடைத்தவர்களும் சொன்னார்கள், கிடைக்காதவர்களும் சொன்னார்கள். முன்பு ஒரே ஸ்கிரீனில் அடங்கிய பேர்கள், இப்போது ஷீட்டில் ஏற்றிப் பார்த்தால் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன.

பாதி பொய் என்று மேனேஜர் கத்தினார். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தப்பு ஏம் புரோகிராம்ல சார், மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். இவுக ஆத்தா பேரச் சொல்லிக் கேக்குறாக. அதுல எது பொய்யின்னு நீங்களும் நானும் எப்படி சார் பிரிக்கிறது?"

மேனேஜர் ஷீட்டைக் கடைசிப் பேர் வரைக்கும் உருட்டிப் பார்த்தார். அப்புறம் எல்லாருக்கும் ஓகே சொல்லிவிட்டார். சாருக்கு மெமோவும் கொடுத்தார்.

நான் போய்ச் சட்டி எடுத்தேன். பாப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

திரும்பி வந்தால், என் சீட்டில் உட்கார்ந்து சாரே என்ட்ரி போட்டு வைத்திருந்தார். அத்தனையும் தப்பு. திருத்துவதற்குள் உயிர் போய்விட்டது. நல்லாத் திட்டினேன். மாவிளக்கைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டார்.

கடைசிக் காலத்தில் சுகரில் அவருக்குக் கண் போய்விட்டது. தை மாதம் போய்ப் பார்த்தேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "கலாவா? பாப்பா கண்ணு எப்பிடி இருக்கு?" பாப்பாவுக்கே தலை நரைத்துவிட்டது.

திரும்பி வரும்போது, பஸ்ஸில் உட்கார்ந்து, அவர் கண்ணுக்காக ஒரு சட்டி நேர்ந்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சர்ச்சுக்குப் போகிற மனுஷன், என்ன நினைப்பாரோ என்று இருந்தது.

கண் திறக்கவில்லை. சித்திரையும் இன்னும் வரவில்லை. அந்தச் சட்டியை எடுப்பதா வேண்டாமா... தெரியவில்லை.

நாளைக் காலை அடக்கம். போய்ட்டு வாங்க சார்.